ஓடிகே: செயலாக்க ஆய்வுக்கு இந்தக் கருவி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பொதுச் சுகாதாரத்தில் செயலாக்க அறிவியலைத் தொழிலாக எடுத்துக்கொள்ளும் பலருக்கு முதலில் கைக்கு வரும், போனில் படிவம் நிரப்பித் தரவு சேகரிக்கும் டிஜிட்டல் கருவி ஓடிகே, அல்லது அதிலிருந்து கிளைத்த கோபோடூல்பாக்ஸ். "காகிதத்துக்குப் பதில் போன், நெட் இல்லாமலும் ஓடும், மென்பொருள் இலவசம்" என்று இதைப் பற்றிச் சொல்வார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் செயலாக்க ஆய்வு கேட்பது அதைவிட அதிகம். பலன் தரும் என்று ஏற்கெனவே நிரூபணமான ஒரு சிகிச்சை ஒரு சுகாதார நிலையத்தில் ஒழுங்காக நடக்கிறது, இன்னொன்றில் பாதியிலேயே நின்றுபோகிறது. ஏன் என்று தேடுகிற ஆய்வு இது. படிவத்தில் விழுந்த விடையோடு, அது எப்போது, எங்கே, எந்த வரிசையில், எத்தனை முறை திருத்தி எழுதப்பட்டது என்பதும் அதற்கு வேண்டும். அந்த அளவுகோலை வைத்தே இங்கே ஓடிகேயை எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். களத் தரவு சேகரிப்புக்கும், நெறிமுறைப்படி வேலை நடக்கிறதா என்று பார்ப்பதற்கும், ஒரே நபரை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்திக்கும் ஆய்வுக்கும் இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். சுகாதாரப் பணியாளர் தினசரி வேலைக்கு நம்பியிருக்கும் செயலியாகவோ, ஆட்களைச் சோதனைக் குழுக்களாகப் பிரிக்கும் கருவியாகவோ இதை வளைக்க வேண்டாம். தரவு கெட்டுப்போகும் இடங்களைத் தேடிப் போனால், பெரும்பாலும் மென்பொருளில் கோளாறு இருக்காது. படிவத்தை வடிவமைத்த விதத்தில் இருக்கும்.

என்னென்ன பாகங்கள்

2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கெய்ட்டானோ போரியெல்லோவும் அவருடைய மாணவர்களும் கூகுளின் ஆதரவோடு தொடங்கிய திறந்த மூலத் திட்டம் இது. இன்று இரண்டு பெரிய பாகங்கள். களப்பணியாளரின் ஆண்ட்ராய்டு போனில் ஓடுவது கலெக்ட். தரவு வந்து சேரும் சர்வர் சென்ட்ரல். கலெக்ட் ஐபோனில் ஓடாது. ஐபோன்காரர்களுக்கு உலாவியில் திறக்கும் வெப் படிவம் இருக்கிறது.

படிவத்தை எக்ஸெல் கோப்பாக எழுதுகிறோம். அந்த முறைக்குப் பெயர் எக்ஸ்எல்எஸ்ஃபார்ம். கேள்விகளுக்கு ஒரு தாள், விடைத் தெரிவுகளுக்கு ஒரு தாள், அமைப்புகளுக்கு ஒரு தாள். கேள்வித் தாளில் ஒவ்வொரு வரிசையும் ஒரு கேள்வி: வகை, பெயர், திரையில் தெரியும் வாசகம். எந்த நிபந்தனையில் கேள்வி தோன்ற வேண்டும் என்பது ரெலவண்ட் நெடுவரிசையில் போகும். எந்த விடையை ஏற்கலாம் என்பது கன்ஸ்ட்ரெயிண்டில், கணக்கு கால்குலேஷனில். நிரல் எழுதத் தெரியாத ஆய்வாளர் ஒரு வாரம் உட்கார்ந்தால் தேறிவிடலாம். இன்னொரு லாபம், படிவம் ஒரு கோப்பாகவே இருப்பதால் ஆய்வு அறநெறிக் குழுவுக்கு அனுப்பலாம், கட்டுரையோடு இணைக்கலாம், வேறு குழுவுக்கு அப்படியே கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்மொழி இறப்புக் காரண ஆய்வுக் கேள்வித்தாள் இந்த வடிவத்திலேயே கிடைக்கிறது. அதைத் திறந்து வரிசை வரிசையாகப் படிப்பது நல்ல பயிற்சி. நிபந்தனைகள் அடுக்கடுக்காக வரும் நீண்ட படிவத்தை எப்படிக் கட்டுவது என்று அதில் பார்க்கலாம்.

சென்ட்ரலை நாமே நிறுவலாம், அல்லது ஓடிகே நிறுவனமே கட்டணத்துக்கு நடத்தும் கிளவுடை எடுக்கலாம். நாமே நிறுவுவதென்றால் லினக்ஸ் சர்வர், டாக்கர் (மென்பொருளைப் பொதியாக ஓட்டும் கருவி), ஒரு டொமைன் பெயர், இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் வேண்டும். நிறுவுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு வரும் வேலைதான் பெரிது: பதிப்பு மேம்படுத்தல், வட்டு நிரம்புகிறதா என்று பார்ப்பது, காப்பு நகல் எடுப்பது, எடுத்த நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று ஒரு முறையாவது சோதிப்பது. இதற்கென்று பொறுப்பான ஓர் ஆள் குழுவில் இல்லையென்றால் கட்டணக் கிளவுடே நல்லது. நிதி விண்ணப்பத்தில் அதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஆடிட் லாக்: இதற்காகவே ஓடிகேயை எடுக்கலாம்

கேள்வித் தாளில் ஆடிட் என்ற வகையில் ஒரே ஒரு வரிசை சேர்த்தால் போதும். ஒவ்வொரு பதிவோடும் ஒரு சிஎஸ்வி (எளிய அட்டவணைக்) கோப்பு தானாக வந்து சேரும். அதுதான் ஆடிட் லாக். எந்தக் கேள்வி எப்போது திறந்தது, எப்போது மூடியது, பணியாளர் எங்கிருந்து எங்கே தாவினார், எப்போது சேமித்தார் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கூடுதல் அளவுருக்கள் கொடுத்தால் இட நிலையும், மாற்றிய விடையின் பழைய மதிப்பும் புதிய மதிப்பும், யார் மாற்றினார் என்பதும் பதிவாகும்.

ரத்த அழுத்தம் அளக்கும் நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கை இதய மட்டத்தில், துணியில்லாத கையில் பட்டை. முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் நடுவே ஒரு நிமிட இடைவெளி. படிவத்தில் "ஐந்து நிமிடம் ஓய்வு தரப்பட்டதா?" என்று கேட்டால் எல்லாப் பதிவிலும் "ஆம்" என்றே வரும். ஆடிட் கோப்பில் அந்தக் கேள்வி மூடிய நேரத்தையும் முதல் அளவைப் பதிந்த நேரத்தையும், அதற்கு முன் நோயாளியின் பெயர்த் திரை திறந்த நேரத்தையும் எடுத்துக் கழித்துப் பாருங்கள். பெயர்த் திரையிலிருந்து முதல் அளவுக்கு நாற்பது வினாடிதான் என்றால் அந்த "ஆம்" எதையும் சொல்லவில்லை.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. நாற்பது வினாடியைப் பார்த்ததும் ஏமாற்று என்று எழுதிவிடுகிறார்கள். காரணம் வேறாக இருக்கலாம். வெளியே வரிசையில் காத்திருந்தபோதே நோயாளி உட்கார்ந்து ஓய்வெடுத்திருக்கலாம். பணியாளர் முதலில் பதிவேட்டில் எழுதிவிட்டு, கூட்டம் குறைந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகப் போனில் ஏற்றியிருக்கலாம். அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்குள் இருபது படிவங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம் என்று அடுத்தடுத்து விழுந்திருக்கும். லாகில் பளிச்சென்று தெரியும். அது தரவுப் பிழை மட்டும் அல்ல, ஆய்வின் கண்டுபிடிப்பும்கூட. கருவி வேலையின் ஓட்டத்தோடு பொருந்தவில்லை, ஒரே தகவலை இரண்டு முறை எழுத வைக்கிறோம் என்று அது சொல்கிறது. எனோலா ப்ராக்டரும் உடன் பணியாற்றியவர்களும் 2011-ல் வகுத்த எட்டு செயலாக்க விளைவுகளில் ஃபிடெலிட்டி (திட்டமிட்டபடியே நடப்பது) ஒன்று, பொருத்தம் இன்னொன்று, நடைமுறைச் சாத்தியம் மற்றொன்று. ஒரே லாக் மூன்றுக்கும் தடயம் தருகிறது. எதற்கான தடயம் என்பதை நேரில் போய் உட்கார்ந்து பார்த்து, பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

லாகைக் கையாளும்போது மூன்று இடங்களில் வழுக்கும். நேரங்கள் 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணிய மில்லிவினாடிகளாக, 13 இலக்க எண்களாக வரும். எக்ஸெலில் திறந்தால் அவை அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியில் நேரடியாகப் படியுங்கள். இரண்டாவது, பல கேள்விகளை ஒரே திரையில் காட்டும் ஃபீல்ட்-லிஸ்ட் அமைப்பு. பார்க்க அழகாக இருக்கும், பணியாளருக்கும் வேகம். ஆனால் அந்தத் திரையில் இருந்த கேள்விகளுக்குத் தனித்தனி நேரம் பிரிக்க முடியாது. எந்த இடைவெளியை அளக்கப் போகிறீர்களோ அதன் இரண்டு முனைக் கேள்விகளையும் தனித்தனித் திரையில் வையுங்கள். மூன்றாவது, நேரம் எல்லாமே போனின் கடிகாரத்தை நம்பியது. தேதி தவறாக வைத்த போன் ஒன்று குழுவில் நிச்சயம் இருக்கும். பதிவு சர்வருக்கு வந்த நேரத்தைச் சென்ட்ரல் தனியாகக் குறித்துவைக்கிறது. படிவம் முடிந்த நேரம் அதற்குப் பிந்தியதாக இருந்தால் அந்தப் போனின் கடிகாரம் தவறு.

லாக் ஓடுகிறது என்று பணியாளர்களிடம் சொல்லிவிட வேண்டும். செயலாக்க ஆய்வில் நோயாளிகள் மட்டுமல்ல, பணியாளர்களும் ஆய்வுக்கு உட்படுபவர்கள். இட நிலையைத் தொடரும் படிவத்தைத் திறக்கும்போது கலெக்டே அதைத் தெரிவிக்கும். நேரப் பதிவைப் பற்றி ஒப்புதல் படிவத்தில் நாம்தான் எழுத வேண்டும். அதோடு, அந்தத் தகவல் மேலதிகாரிக்குத் தனிநபர் பெயரோடு போகாது என்ற உறுதியையும். அந்த உறுதி இல்லாத இடத்தில் எல்லாத் திரையிலும் ஐந்து நிமிடம் காத்திருந்து தட்டக் கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு லாகால் பயனில்லை.

படிவத்தில் தரவு கெடும் இடங்கள்

முதல் குற்றவாளி கடுமையான எல்லைக் கட்டுப்பாடு. மேல் ரத்த அழுத்தம் 60-க்கும் 250-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று கன்ஸ்ட்ரெயிண்டில் எழுதிவிடுகிறோம். கருவியில் உண்மையிலேயே 262 வந்தால் படிவம் நகராது. எதிரே நோயாளி, பின்னால் வரிசை. பணியாளர் 250 என்று தட்டிவிட்டுப் போவார். பிழையைத் தடுக்க வைத்த விதி பொய்யான எண்ணை உருவாக்கிவிட்டது. உடலால் சாத்தியமே இல்லாத மதிப்புக்கு மட்டும் கடுமையான தடை வையுங்கள். சந்தேகப்படத்தக்க மதிப்புக்கு அடுத்த திரையில் ஒரு கேள்வி: "262 என்று பதிந்துள்ளீர்கள். சரியா, திரும்ப அளந்தீர்களா?" ரெலவண்ட் நிபந்தனையோடு ஒரு வரிசை சேர்த்தால் முடிந்தது. அந்தக் கேள்வி எத்தனை முறை தோன்றியது என்பதும் பின்னால் பயன்படும்.

கட்டாயக் கேள்விக்கும் இதே கதி. எல்லா வரிசையிலும் ரிக்வயர்ட் போட்டுவிட்டு "தெரியாது", "சொல்ல விரும்பவில்லை" என்ற தெரிவுகளை விட்டுவிட்டால், வெற்றிடங்கள் மறைந்து கற்பனை விடைகள் வரும். வெற்றிடத்தைப் பகுப்பாய்வில் சமாளிக்கலாம். கற்பனை விடையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது, அந்த நொடியின் நேரத்தைத் தரும் நவ் என்ற சார்பு. கால்குலேஷனில் சும்மா போட்டால் படிவத்தைச் சேமிக்கும்போதெல்லாம் புதுக் கணக்கு ஓடி, நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் பார்த்த நோயாளிக்கு மாலை நேரம் விழும். முதல் மதிப்பையே பிடித்துவைக்க ஒன்ஸ் என்ற சார்புக்குள் வையுங்கள். ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தட்டிய நொடி வேண்டுமானால் ட்ரிகர் நெடுவரிசையைப் பயன்படுத்துங்கள். வெற்றிடம் கலந்த கூட்டலும் ஒரு பொறி. ஒரு கேள்வி நிபந்தனையால் தோன்றாமல் போனால் அதன் மதிப்பு காலி. காலியோடு எண்ணைக் கூட்டினால் விடை எண்ணே அல்ல என்று வரும். மதிப்பெண் கணக்கு முழுவதும் அதோடு சரிந்துவிடும். கோலெஸ் சார்பில் போட்டு, காலியாக இருந்தால் பூஜ்யம் என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் கேளுங்கள், அங்கே பூஜ்யம் என்பது சரியான அர்த்தமா? கேட்கப்படாத கேள்விக்குப் பூஜ்ய மதிப்பெண் போடுவது சில அளவுகோல்களில் தவறு.

முன்பு ஒரு விடையைக் கொடுத்து, அதன் கீழ் நான்கு கேள்விகளை நிரப்பிவிட்டு, திரும்பப் போய் அந்த முதல் விடையை மாற்றினால், இனிப் பொருந்தாத அந்த நான்கு விடைகளும் படிவம் நிறைவானதும் அழிந்துவிடும். இது கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படி. பயிற்சியில் சொல்லிவைக்க வேண்டியது.

இட நிலையைப் பதியும் ஜியோபாயிண்ட் கேள்வியில் துல்லியம் ஐந்து மீட்டருக்குள் வந்ததும் கலெக்ட் தானாகப் பதியும். அதுதான் இயல்பு அமைப்பு. கான்கிரீட் கூரைக்குள் அது வராமல் பணியாளர் தவித்து நிற்பார். வாசலுக்கு வந்து எடுக்கச் சொல்லுங்கள், அல்லது எல்லையை இருபது மீட்டராக்குங்கள். வரைபடத்தில் விரலால் புள்ளி வைக்க விடும் தோற்ற அமைப்பை மட்டும், நேரில் போனதற்கான சான்றாக இட நிலை தேவைப்படும் படிவத்தில் வைக்காதீர்கள்.

படங்களைப் பற்றி ஒரு வரி: அதிகபட்ச பிக்சல் அளவைக் குறிப்பிடாவிட்டால் போன் எடுக்கும் முழு அளவுப் படமும் போகும், மெதுவான நெட்டில் அனுப்புதல் நின்றுவிடும். பதிவேட்டுப் பக்கத்தைப் படிக்க நீளப்பக்கம் 1500 பிக்சல் தாராளம்.

"ஒப்புதல் இல்லை" என்பதையும் அனுப்பச் சொல்லுங்கள்

தலையீடுகளை மதிப்பிட 1999-ல் வந்த ரீ-எய்ம் சட்டகத்தின் முதல் கூறு, தலையீடு சேர வேண்டியவர்களில் எத்தனை பேரைச் சேர்ந்தது என்பது. அதற்குச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமல்ல, சேர வேண்டியவர்களின் மொத்த எண்ணிக்கையும் வேண்டும். ஓடிகே படிவங்களில் மிகவும் சாதாரணமாகப் பார்க்கும் தவறு, ஒப்புதல் மறுத்தவரின் படிவத்தைச் சேமிக்காமல் மூடச் சொல்வது. மறுத்தவர்கள் எத்தனை பேர், எந்த நிலையத்தில் அதிகம், ஆணா பெண்ணா, எதுவும் மிஞ்சாது. ஒப்புதலுக்கு "இல்லை" என்றால் மற்ற எல்லாவற்றையும் ரெலவண்டால் மறைத்து, அறநெறிக் குழு அனுமதித்த இரண்டு மூன்று அடையாளமற்ற விவரங்களோடு படிவத்தை நிறைவுசெய்து அனுப்ப வைக்க வேண்டும். வீடு பூட்டியிருந்தது, ஆள் ஊரில் இல்லை, பிறகு வரச் சொன்னார் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறி வையுங்கள்.

ஏற்பு, பொருத்தம், நடைமுறைச் சாத்தியம் ஆகியவற்றை அளக்க பிரையன் வைனரும் குழுவும் 2017-ல் வெளியிட்ட மூன்று சிறு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு வாசகங்கள், ஐந்து நிலைகள். இவற்றைக் களப்பணியாளர் கையில் போனைக் கொடுத்து, பக்கத்தில் ஆய்வு உதவியாளர் நின்றுகொண்டு கேட்டால் எல்லாரும் "முழுமையாக ஏற்கிறேன்" என்பார்கள். சென்ட்ரலில் பொது அணுகல் இணைப்பு ஒன்று உருவாக்கி, உலாவியில் தாங்களே நிரப்பச் சொல்லுங்கள். அந்தப் படிவத்தில் ஆடிட் வரிசை வேண்டாம், பெயர் வேண்டாம். சிறிய நிலையத்தில் நிலையத்தின் பெயரும் பதவியும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

நெறிமுறையில் செய்யும் மாற்றங்களுக்கென்று இன்னொரு குட்டிப் படிவம் கட்டாயம் வேண்டும். இப்படிப்பட்ட மாற்றங்களைப் பதிய 2019-ல் வந்த ஃப்ரேம் சட்டகம் கேட்பதையே கேளுங்கள்: என்ன மாறியது, எப்போது, யார் முடிவெடுத்தார், திட்டமிட்டதா அல்லது சூழ்நிலை தள்ளியதா, ஏன், மையக் கூறுகள் அப்படியே இருக்கின்றனவா. எட்டுக் கேள்விக்கு மேல் போனால் யாரும் நிரப்ப மாட்டார்கள். ஆய்வு முடிந்தபின் நினைவிலிருந்து எழுதிய மாற்றப் பட்டியலுக்கும், நடந்த வாரத்திலேயே பதிந்ததற்கும் தரத்தில் மலையளவு வேறுபாடு உண்டு.

தொடர் சந்திப்புகள்

ஒரே நோயாளியை மாதாமாதம் பார்க்கும் ஆய்வுக்கு முன்பெல்லாம் பெயர்ப் பட்டியலைச் சிஎஸ்வியாகப் படிவத்தோடு இணைத்து, வாரம் ஒரு முறை கையால் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். படிவங்களுக்குப் பொதுவான நபர் பட்டியலைச் சர்வரே வைத்திருக்கும் என்டிட்டி வசதி வந்தபின் அந்த வேலை போய்விட்டது. பதிவுப் படிவம் ஒரு நபரை உருவாக்குகிறது, தொடர் படிவம் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துப் புதுப்பிக்கிறது. 2024-இலிருந்து நெட் இல்லாத இடத்திலும் இது நடக்கிறது: காலையில் பதிந்தவரை மாலையில் அதே போனில் தொடர் படிவத்தில் எடுக்கலாம்.

இரண்டு பணியாளர்கள் நெட் இல்லாமல் ஒரே நபரைப் புதுப்பித்தால் சென்ட்ரல் அதை முரண்பாடு என்று குறித்துக் காட்டும். எது சரி என்று ஒரு மனிதர் பார்த்து முடிக்க வேண்டும். வாரம் ஒரு நாள் அதற்கென்று ஒதுக்காவிட்டால் குவிந்துவிடும். பட்டியல் களத்தில் இருக்கும் போன்களுக்கு இறங்குவதால், அதில் எதை வைக்கிறோம் என்பதில் கஞ்சத்தனம் வேண்டும்: ஆளை அடையாளம் காணத் தேவையானது, அடுத்த சந்திப்பு தேதி, அவ்வளவே. எச்ஐவி நிலை, மனநலக் குறிப்பு போன்றவை பட்டியலுக்குள் போகக் கூடாது.

பாதுகாப்பில் இன்னும் இரண்டு விஷயங்கள். பணியாளரின் போனை இணைக்கும் க்யூஆர் கோடுதான் நுழைவுச் சாவி. அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் பதிவு அனுப்பலாம், படிவத்தோடு இணைந்த பட்டியலையும் இறக்கலாம். ஆளுக்கொரு கோடு, ஆள் விலகிய அன்றே ரத்து. இன்னொன்று, கலெக்ட் செயலியை நீக்கினால் அனுப்பாத படிவங்கள் அத்தனையும் அதோடு அழியும். போன் மந்தமாகிறது என்று கடைக்காரர் எல்லாவற்றையும் நீக்கி ஏற்றித் தந்தால் ஒரு வாரத் தரவு போச்சு. தானாக அனுப்பும் அமைப்பை வைஃபை, மொபைல் டேட்டா இரண்டுக்கும் திறந்துவிடுங்கள்; நெட் இல்லாத பகுதிக்காரர்கள் எந்த நாளில் எங்கே வந்து அனுப்ப வேண்டும் என்பதைப் பணி அட்டவணையிலேயே எழுதுங்கள்.

குறியாக்க வசதி இருக்கிறது. கடவுச்சொற்றொடரைத் தொலைத்தால் தரவை உலகில் யாராலும் மீட்க முடியாது, உருவாக்கியவர்களாலும் முடியாது. குறியாக்கிய பதிவுகளைச் சென்ட்ரலில் திறந்து பார்க்கவோ திருத்தவோ முடியாது. பதிவுகளைத் தினமும் சரிபார்ப்பது உங்கள் தரக் கட்டுப்பாட்டின் மையம் என்றால் இதைத் தேர்ந்தெடுக்கும் முன் யோசியுங்கள்.

ஆய்வின் நடுவே படிவத்தை மாற்றுவது

மாற்றாமல் எந்த ஆய்வும் முடிந்ததில்லை. சென்ட்ரலில் வரைவு நிலை உண்டு; வரைவுக்கென்று தனி க்யூஆர் கோடு, அதில் வரும் சோதனைப் பதிவுகள் உண்மைப் பதிவுகளோடு கலக்காது. இருக்கும் கேள்வியின் வகையை, எடுத்துக்காட்டாக எழுத்திலிருந்து எண்ணுக்கு, மாற்றினால் சென்ட்ரல் ஏற்காது. பெயரை மாற்றினால் ஏற்கும், ஆனால் தரவில் அது வேறொரு நெடுவரிசை. யாருமே தடுக்காத மாற்றம் ஒன்று இருக்கிறது: விடைத் தெரிவின் குறி. 3 என்றால் "மருந்து இருப்பு இல்லை" என்று இருந்ததை, நடுவில் "நோயாளி மறுத்தார்" என்று ஆக்கினால் கருவி ஒரு வார்த்தை பேசாது. பகுப்பாய்வில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் குறிகளை எண்களாக வைக்காமல் பொருள் தெரியும் சொற்களாக வையுங்கள், பழைய குறியை வேறு பொருளுக்கு ஒருபோதும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

புதிய பதிப்பு வெளியிட்ட அன்றே எல்லாப் போனிலும் அது வந்துவிடாது. நெட் கிடைக்காத போன்கள் பழையதையே ஓட்டும், பாதியில் சேமித்த படிவங்கள் தொடங்கிய பதிப்பிலேயே முடியும். ஒவ்வொரு பதிவிலும் பதிப்பு எண் இருக்கிறது. பகுப்பாய்வில் வெளியிட்ட தேதியை வைத்துப் பிரிக்காமல் அந்த எண்ணை வைத்துப் பிரியுங்கள்.

எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும்

ஆட்களைக் குலுக்கல் முறையில் சோதனைக் குழுக்களாகப் பிரிப்பதை ஓடிகேயில் செய்ய வேண்டாம் என்றதற்குக் காரணம்: போனில் ஓடும் தற்செயல் எண் பிடிக்காவிட்டால் படிவத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் திறக்கலாம், வேறு எண் வரும். ஒன்ஸ் சார்பு அந்த ஒரு படிவத்துக்குள்தான் காக்கும். தனிநபர் பிரிப்பு வேண்டுமென்றால் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-ல் பிறந்த ரெட்கேப் என்ற ஆய்வுத் தரவு மென்பொருள் நல்லது. முன்கூட்டியே தயாரித்த ஒதுக்கீட்டு அட்டவணையை ஏற்றி, சர்வரிலிருந்து ஒதுக்கும் வசதி அதில் உண்டு. நெட் நிலையாக இருக்கும் மருத்துவமனை ஆய்வுக்கும் ரெட்கேப் பொருத்தம். உங்கள் நிறுவனம் அதன் கூட்டமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும்.

சுகாதாரப் பணியாளருக்கு "இந்த நோயாளிக்கு அடுத்து இதைச் செய்" என்று வழிகாட்டுவதே உங்கள் தலையீடு என்றால் டிமாகி நிறுவனத்தின் காம்கேர் செயலியைப் பாருங்கள். நபர் வாரியான தொடர்கவனிப்புக்காகவே கட்டியது அது. அரசின் வழக்கமான அறிக்கை முறையோடு சேர வேண்டியது என்றால் ஆஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று வளர்க்கும் டிஹெச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருள் அங்கே ஏற்கெனவே ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஓடுகிறதென்றால் ஆய்வுக்காக இன்னொரு செயலியைப் பணியாளரின் கையில் திணிப்பது, ஆய்வு முடிந்த மறுநாளே கைவிடப்படும் ஒன்றைக் கட்டுவதாகும். நிலைத்து நிற்பதும் ப்ராக்டர் வகுத்த அந்த எட்டு விளைவுகளில் ஒன்று என்பதால் இந்தத் தேர்வே ஆய்வின் முடிவைப் பாதிக்கும்.

ஓடிகேயை எடுத்தவர்கள் ஆய்வை மூடும்போது சர்வரை அணைக்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை: வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பின் எக்ஸெல் கோப்பும், திரும்பத் திரும்ப வரும் கேள்வித் தொகுதிகள் தனிக் கோப்புகளாக வரும் முழு ஜிப் ஏற்றுமதியும், ஆடிட் கோப்புகளும், என்டிட்டி பட்டியலும், பதிவுகளில் செய்த திருத்தங்களின் வரலாறும். கடைசியாகச் சொன்னது சாதாரண ஜிப்பில் வராது. ஏபிஐ (நிரல் மூலம் சர்வரிடம் தரவு கேட்கும் வழி) வழியாகத் தனியாக எடுக்க வேண்டும். குறியாக்கியிருந்தால் கடவுச்சொற்றொடரைத் தரவு இருக்கும் இடத்தில் வைக்காமல், இரண்டு பேரிடம், இரண்டு இடத்தில்.